இது லண்டனில் எந்தத் தெரு? பழைய கண்ணாடி ஸ்லைடு ஒன்று

தேம்ஸ்கரை_மாறன்
வணக்கம் மக்களே. போன ஞாயிற்றுக்கிழமை தெற்கு லண்டனில் ஒரு கார் பூட் சந்தையில் (கார் டிக்கியில் பழைய சாமான் கொண்டுவந்து விற்பார்களே, அங்கே) அட்டைப்பெட்டி நிறையக் கண்ணாடி ஸ்லைடுகள் கிடந்தன. அந்தக் காலத்து மாயவிளக்கில் போட்டுச் சுவரில் காட்டுவார்களே, அது. மூன்றேகால் அங்குலச் சதுரம், இரண்டு கண்ணாடியைச் சேர்த்து விளிம்பைச் சுற்றிக் கறுப்புக் காகித நாடா. பெட்டியில் இருந்ததெல்லாம் சுவிட்சர்லாந்து மலையும் பசு மாடும். ஒன்றே ஒன்று மட்டும் ஒரு தெரு. 4 பவுண்டு சொன்னார், பேரம் பேசாமல் வாங்கிவிட்டேன்.

படத்தில் இருப்பதைச் சொல்கிறேன். குறுகலான தெரு. இரண்டு பக்கமும் பழைய மரச்சட்ட வீடுகள், மேல்மாடி கீழ்மாடியைவிட வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. தெருக்கோடியில் கூரைகளுக்கு மேலே அடுக்கடுக்கான சர்ச் கோபுரம். வலப்பக்க வீடுகளின் மேல்மாடியில் வெயில், இடப்பக்கம் முழுக்க நிழல். வலப்பக்கத்திலேயே கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய வாசல் வளைவு, அதன்மேல் விளக்கு. தெருவில் ஏழெட்டு ஆட்கள், தொப்பியும் கோட்டுமாக, முகம்கூடத் தெளிவு. ஒரு கடைப் பலகையில் டி, ஏ, எச் என்று மூன்று எழுத்து, மீதி இருட்டு. கடைக்காரர் இனிஷியல் போல.

விளிம்புக் காகிதத்தில் பென்சிலால் 'ஹோலிவெல் ஸ்ட்ரீட்' என்று கிறுக்கியிருக்கிறது. கூகுள் மேப்பில் தேடினால் ஷோர்டிச் பக்கம் ஹோலிவெல் லேன்தான் வருகிறது. அங்கே போய்ப் பார்த்தேன், கோபுரமும் இல்லை ஒன்றும் இல்லை. யாருக்காவது பிடிபடுகிறதா?

சும்மா_வந்தேன்
ஆக்ஸ்ஃபோர்டில் ஹோலிவெல் ஸ்ட்ரீட் இன்னைக்கும் இருக்கு ப்ரோ. பழைய வீடுங்க வரிசையா நிக்கும். முடிஞ்சது கேஸ்.

ஈஸ்ட்ஹாம்_சிவம்
தம்பி மாறன், ஆக்ஸ்ஃபோர்டுமில்லை, ஷோர்டிச்சுமில்லை. லண்டன் ஸ்ட்ராண்டிலயே ஒரு ஹோலிவெல் ஸ்ட்ரீட் இருந்தது. இப்ப இல்லை. ஸ்ட்ராண்டுக்கு வடக்கால, செயின்ட் மேரி லெ ஸ்ட்ராண்ட் சர்ச்சுக்கும் செயின்ட் கிளெமென்ட் டேன்ஸ் சர்ச்சுக்கும் இடையில ஓடின தெரு. முழுக்கப் பழைய புத்தகக் கடை. புக்செல்லர்ஸ் ரோ எண்டும் ஒரு பேர். ஆபாசப் புத்தகம் விக்கிறதுக்கும் பேர்போன இடம். 1857இல ஆபாச வெளியீட்டுச் சட்டம் கொண்டு வந்ததுக்கு இந்தத் தெருவும் ஒரு காரணம்.

அதை எங்க தேடுறதெண்டு கேட்டால், நீர் எத்தனையோ தரம் அதுக்கு மேலால நடந்திருப்பீர். ஆல்ட்விச் பிறைச் சாலையும் கிங்ஸ்வேயும் போடுறதுக்காக அந்தப் பகுதியை வழிச்செடுத்தவை. 1905 அக்டோபரில ஏழாம் எட்வர்ட் ராசா வந்து திறந்து வைச்சவர். இடிச்ச நிலத்தில பிறகு எழும்பினதுதான் ஆஸ்திரேலியா ஹவுஸ், புஷ் ஹவுஸ், 1930இல திறந்த இந்தியா ஹவுஸ், பிறகு எங்கட ஆக்களும் விசாவுக்கு லைன்ல நிண்ட இடம்.

புஷ் ஹவுஸ் எண்டதும் விளங்கியிருக்கும், பி.பி.சி தமிழோசை ஒலிபரப்பான கட்டடம். ஊரில, யாழ்ப்பாணத்தில லைட்டை அணைச்சுப்போட்டு அப்பா ரேடியோவுக்குக் கிட்டக் காதை வைச்சு பி.பி.சி தமிழோசை கேட்ட வீடு எங்கட வீடு. லண்டனுக்கு வந்த கிழமையே அந்தக் கட்டடத்தை வெளியில நிண்டு பாத்தனான். அடியில ஒரு தெருவே கிடக்கெண்டு அப்ப ஆருக்குத் தெரியும்.

புலப்படம்
நான் சர்வே துறையில் முப்பத்தோரு வருஷம் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவன். லண்டன் போனதில்லை. ஆனால் நிலம் எங்கும் நிலம்தான், முறையும் ஒன்றுதான். பழைய கிராமத்தில் காணாமல்போன வாய்க்காலைத் தேடும்போது முதலில் நகராத எல்லைக்கல்லைத்தான் தேடுவோம். இங்கே நகராத கல் இரண்டு சர்ச்சுகளும்.

மாறன் தனிமடலில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிக்கல் என்னவென்றால் இரண்டு சர்ச்சின் கோபுரத்தையும் வடிவமைத்தவர் ஒரே ஆள், ஜேம்ஸ் கிப்ஸ். செயின்ட் மேரி 1714இல் தொடங்கிய முழுக் கட்டடமும் அவருடையது. செயின்ட் கிளெமென்ட் டேன்ஸ் கட்டடம் கிறிஸ்டோபர் ரென் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது, அதன் தலையில் 1719–20இல் அடுக்குக் கோபுரம் ஏற்றியவர் கிப்ஸ். மங்கலான படத்தில் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். ஆனால் செயின்ட் கிளெமென்டில் தரையிலிருந்து சதுர கோபுரம் எழும்பி அதன்மேல் அடுக்குகள் சிறுத்துக்கொண்டே போகும். படத்தில் கூரைக்கு மேல் அந்தச் சதுர உடம்பு தெரிகிறது. ஆகவே செயின்ட் கிளெமென்ட் டேன்ஸ். அதாவது கேமரா கிழக்கே பார்க்கிறது.

அடுத்து வரைபடம். 1890-களில் ஆர்ட்னன்ஸ் சர்வே, அதாவது பிரிட்டனின் நில அளவைத் துறை, லண்டனை மைலுக்கு ஐந்தடி அளவில் வரைந்திருக்கிறது, 1:1056. ஸ்காட்லாந்து தேசிய நூலகத் தளத்தில் இலவசம். வீட்டுக்கு வீடு சுவர், நடைபாதை, விளக்குக் கம்பம் வரை இருக்கிறது. நம் ஊர்ப் புலப்படமே தோற்றுப்போகும். இன்றைய வரைபடத்தின்மேல் வைத்து ஒளிபுக மாற்றிப் பார்க்கலாம்.

அதில் பார்த்தால் செயின்ட் கிளெமென்ட் பக்கம் வந்து சேரும் தெரு ஒன்றல்ல, இரண்டு. தெற்கே ஹோலிவெல் ஸ்ட்ரீட். அதற்கு வடக்கே, டிரூரி லேனிலிருந்து சாய்வாக இறங்கி வரும் விச் ஸ்ட்ரீட். கோபுரத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

வெயிலை வைத்துப் பிரிக்கலாம். ஹோலிவெல்லில் நின்று கிழக்கே பார்த்தால் இடக்கை வடக்கு. சூரியன் தெற்கில் இருக்கும் ஊர் அது, வெயில் இடப்பக்க வீடுகளின் முகத்தில்தான் விழ வேண்டும். மாறன் படத்தில் வலப்பக்கம் விழுகிறது. ஹோலிவெல் அடிபட்டது. விச் ஸ்ட்ரீட் வடமேற்கு–தென்கிழக்காகச் சாய்ந்தது. அதன் வலப்பக்க வீடுகள் வடகிழக்கே பார்ப்பவை, கோடைக்காலக் காலை வெயில் அவற்றில் படும். என் தீர்ப்பு: விச் ஸ்ட்ரீட், ஜூன் மாதம், காலை ஏழு எட்டு மணி. பென்சில்காரர் தப்பு.

தேம்ஸ்கரை_மாறன்
ஐயா, கைகொடுங்கள்! வெயிலை இப்படிப் படிக்கலாம் என்று தோன்றவே இல்லை.

சும்மா_வந்தேன்
காலை ஏழு மணிக்கு எல்லாக் கடையும் திறந்து தெருவில் இத்தனை பேர் நின்னு அரட்டை அடிப்பாங்களா? எங்க தெருவில் பால்காரர்கூட வரமாட்டார்.

இருட்டறை
கும்பகோணத்தில் நாற்பது வருஷம் ஸ்டூடியோ வைத்திருந்தேன். அப்பா காலத்துக் கண்ணாடித் தட்டு நெகட்டிவ் இன்னும் பரணில் இருக்கிறது. ஒரு சந்தேகம் கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். மாறன் தம்பி, ஸ்லைடை எந்தப் பக்கம் கீழே வைத்து ஸ்கேன் செய்தீர்கள்?

தேம்ஸ்கரை_மாறன்
பென்சில் எழுத்து மேலே தெரிகிற மாதிரி வைத்தேன் அண்ணே. அதுதானே முன்பக்கம்?

இருட்டறை
அங்கேதான் வழுக்குகிறது. இந்த ஸ்லைடில் ஒரு கண்ணாடியில்தான் படம், இன்னொன்று அதைக் காக்கும் வெறுங்கண்ணாடி. எமல்ஷன், அதாவது படம் பதிந்திருக்கும் பூச்சு, இரண்டுக்கும் நடுவில். நெகட்டிவோடு முகத்துக்கு முகம் ஒட்டிவைத்து அச்செடுத்ததென்றால் எமல்ஷன் பக்கமிருந்து பார்த்தால்தான் நேர், அதாவது மூடுகண்ணாடி வழியாக. மறுபக்கமிருந்து பார்த்தால் இடவலம் மாறிவிடும். விளக்கு பிடிக்கிற ஆள் தப்பாகச் செருகாமலிருக்க முகப்பில் வெள்ளைப் பொட்டு ஒட்டுவார்கள். நாடா பிய்ந்து யாராவது பிறகு மறுபடி ஒட்டியிருந்தால் பொட்டும் போயிருக்கும், பெயரும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஏறியிருக்கும்.

படத்தை மென்பொருளில் இடவலம் திருப்பிவிட்டு அந்த டி-ஏ-எச் பலகையைப் பாருங்கள். ஆங்கிலத்தில் அந்த மூன்று எழுத்துக்கும் ஒரு குணம் உண்டு. கண்ணாடியில் பார்த்தாலும் அப்படியேதான் இருக்கும். பி, எஸ், ஆர் ஒன்று இருந்திருந்தால் முதல் பார்வையிலேயே குட்டு உடைந்திருக்கும். இன்னொன்று, ஆட்கள் கோட்டு. ஆண்கள் கோட்டில் இடப்பக்கத் துணிதான் மேலே வரும், பொத்தான் வலப்பக்கம். முன்னால் நிற்கிறாரே தாடிக்காரர், அவர் கோட்டைப் பெரிதாக்குங்கள்.

தேம்ஸ்கரை_மாறன்
அண்ணே!!! பொத்தான் பெண்கள் உடுப்பு மாதிரி மாற்றுப்பக்கம் இருக்கிறது. திருப்பிப் போட்டேன், சரியாகிவிட்டது. பலகை இப்போது எச்-ஏ-டி. ஹேட்! தொப்பி! பத்து நாளாக நான் இல்லாத கடைக்காரருக்கு இனிஷியல் தேடிக்கொண்டிருந்தேன்.

புலப்படம்
ஜூன் மாதக் காலையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சர்வே கல்லையே தலைகீழாக நட்டுவிட்டு அளந்திருக்கிறேன். வெயில் இப்போது இடப்பக்கம் போய்விட்டது, ஆகவே நடுப்பகலோ பிற்பகலோ. சும்மா_வந்தேன் தம்பி கேட்ட கேள்வி நியாயமானது.

ஆனால் இதனால் ஹோலிவெல் மறுபடி உயிர் பெற்றுவிட்டது. இடப்பக்க வெயில் இரண்டு தெருவுக்கும் பொருந்தும்.

ஈஸ்ட்ஹாம்_சிவம்
அப்ப பென்சில்காரன் சரிதானே? பாவம் அவனை விடுங்கோ.

புலப்படம்
இல்லை ஐயா, வளைவு வாசல் இருக்கிறதே. திருப்பியபின் அதுவும் இடப்பக்கம், அதாவது வடபக்கம் வந்துவிட்டது. விச் ஸ்ட்ரீட்டின் வடபக்கத்தில் நியூ இன் இருந்தது. 'சான்சரி இன்' என்று சொல்லும் வக்கீல்களுக்கான பழைய விடுதிகளில் ஒன்று, தெருவிலிருந்து ஒரு வாசல் வழியாக உள்முற்றத்துக்குப் போக வேண்டும். ஹோலிவெல்லின் வடபக்கத்தில் இருந்த லயன்ஸ் இன் 1860-களிலேயே போய், அந்த இடத்தில் குளோப், ஓபரா காமிக் என்று இரண்டு தியேட்டர் வந்துவிட்டன. அந்த ஓபரா காமிக்கில்தான் 1878இல் 'எச்.எம்.எஸ். பினாஃபோர்' என்ற இசை நாடகம் முதலில் மேடையேறியது.

தெரு எந்தப் பக்கம் வளைகிறது என்பதையும் வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். திருப்பாத படத்தில் எங்கேயும் ஒட்டவில்லை. திருப்பிய படம் விச் ஸ்ட்ரீட்டில் கையுறை மாதிரி உட்காருகிறது. முடிவு பழைய முடிவுதான். தப்பான வழியில் போய்ச் சரியான வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன்.

கிளாஸ்கோ_மலர்
படித்துக்கொண்டே வந்தேன், சிரிப்புத் தாங்கவில்லை. நானும் இப்படி ஏமாந்த கதை ஒன்று உண்டு.

எங்கள் ஊரில் தாமஸ் அன்னான் எடுத்த படங்கள் பிரசித்தம். 1866இல் கிளாஸ்கோ நகர மேம்பாட்டுச் சட்டம் வந்தது, பழைய ஹை ஸ்ட்ரீட், சால்ட்மார்க்கெட் பக்கத்துச் சந்துகளை இடிக்க. இடிப்பதற்குமுன் படமெடுத்து வைக்கச் சொல்லி மேம்பாட்டு அறக்கட்டளையே அவரை அமர்த்தியது. 1868 முதல் 1871 வரை 31 படங்கள். சந்துக்கு இங்கே 'க்ளோஸ்' என்று பெயர். ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொடலாம் போல இருக்கும். மேலே வீட்டுக்கு வீடு கம்பு நீட்டித் துணி காய்கிறது. நடுவில் ஓடும் சாக்கடை மட்டும் பளபள. படத்துக்குப் பெயர் 'க்ளோஸ் எண் 118, ஹை ஸ்ட்ரீட்', அவ்வளவுதான்.

நான் இங்கே வந்த புதிதில் இரண்டு சனிக்கிழமை, மழையில், இன்றைய 118 எந்தக் கதவு என்று ஹை ஸ்ட்ரீட்டில் அலைந்தேன். தெருவையே இடித்து அகலப்படுத்திக் கட்டியிருக்கும்போது கதவு எண் எப்படி அப்படியே இருக்கும்? பழைய எண்ணைப் பழைய வரைபடத்தோடும் அதே வருஷத்து அஞ்சல் டைரக்டரியோடும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்று ஒரு நூலகர் சொல்லித்தான் தெரிந்தது. அங்கே நகராத கல் என்றால் 1626இல் கட்டிய டோல்பூத் கோபுரம். இன்றும் சாலைச் சந்திப்பின் நடுவில் தனியாக நிற்கிறது. ஹை ஸ்ட்ரீட்டிலிருந்த பழைய பல்கலைக்கழகம் 1870இல் கில்மோர்ஹில்லுக்குப் போய்விட்டது, அந்த இடத்தில் ரயில்வே கூட்ஸ் ஷெட் வந்தது. ஆகவே கல்லூரி தெரிகிற படம் என்றால் வருஷமும் ஓரளவு கைக்கு வந்துவிடும்.

சும்மா_வந்தேன்
அக்கா, அந்த அன்னான் படத்தில் ஆட்களெல்லாம் பேய் மாதிரி இருக்காங்களே. மாறன் அண்ணன் படத்தில் மட்டும் முகம் தெளிவா இருக்கு. ஏன்?

இருட்டறை
நல்ல கேள்வி, இதிலேயே வருஷமும் இருக்கிறது.

அன்னான் காலத்தில் ஈரத்தட்டு. கண்ணாடியில் கொலோடியன் என்ற பசை மாதிரித் திரவத்தை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள் கழுவ வேண்டும். பத்து நிமிஷம்தான் அவகாசம். இருட்டுக் கூடாரத்தையும் கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டும். வெளிச்சம் குறைந்த சந்தில் மூடியைத் திறந்துவிட்டு நொடிக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அசையாமல் நின்றவர் படத்தில் இருப்பார். தலையைத் திருப்பிய குழந்தைக்கு இரண்டு தலை. நடந்துபோனவர் படத்திலேயே இல்லை. அதனால்தான் பழைய தெருப் படத்தைப் பார்த்து 'அப்போதெல்லாம் ஊர் எவ்வளவு அமைதி' என்று யாராவது பெருமூச்சு விட்டால் எனக்குச் சிரிப்பு வரும். கூட்டம் இருந்திருக்கும், தட்டுக்குத் தெரியவில்லை.

நிறமும் ஏமாற்றும். அந்தத் தட்டுக்கு நீலம்தான் கண்ணுக்குப் படும், சிவப்பும் மஞ்சளும் கறுப்பாக விழும். வானம் எப்போதும் வெள்ளை. கறுப்பாகத் தெரிகிற கடைப் பலகை பளிச்சென்ற சிவப்பாக இருந்திருக்கலாம்.

ஜெலட்டின் உலர்தட்டு 1880 வாக்கில் பரவியபிறகுதான் இப்படிக் குறுகலான தெருவில் நடக்கிற ஆளை நடக்கிறபடி சுலபமாகப் பிடிக்க முடிந்தது. மாறன் தம்பி படத்தில் அடி எடுத்து வைக்கிற கால்கூடக் கூர்மை. ஆகவே 1880-களுக்கு முன்னால் போகாது.

புலப்படம்
அந்தப் பக்கம் 1905 திறப்பு விழா, அதற்குச் சில வருஷம் முன்னாலேயே இடிப்பு. ஆக 1880-களிலிருந்து 1900 சுற்றுவட்டாரம் வரை.

ஈஸ்ட்ஹாம்_சிவம்
அப்ப 1875இல தொடங்கின பழைய லண்டன் நினைவுச்சின்னங்களைப் படமெடுக்கிற சங்கத்தின்ர படமாய் இருக்காதோ? அவையும் விச் ஸ்ட்ரீட்டை எடுத்தவை.

இருட்டறை
எடுத்தார்கள் சிவம் ஐயா. வார்விக் லேனில் ஆக்ஸ்ஃபோர்ட் ஆர்ம்ஸ் என்ற பழைய சத்திரத்தை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்து, இடிப்பதற்குமுன் படமாவது எடுப்போம் என்று தொடங்கிய சங்கம் அது. 1886 வரை 120 படங்கள். விச் ஸ்ட்ரீட் படம் 1876இல் எடுத்தது, பூல் (Bool) சகோதரர்கள் சங்கத்துக்குப் படமெடுத்த காலம். அவர்கள் வெளியிட்டது பெரிய தாளில் கார்பன் பிரிண்ட், மங்காது. தம்பியிடம் இருப்பது உலர்தட்டுக் காலத்து மாயவிளக்கு ஸ்லைடு. அப்போது லண்டன் காட்சிகளை ஸ்லைடாகப் போட்டு விற்கும் கம்பெனிகளே இருந்தன.

சும்மா_வந்தேன்
சரி, ஒண்ணு சொல்றேன், அடிக்க வராதீங்க. எல்லாரும் 'ஐயோ இடிச்சுட்டாங்களே'ன்னு உருகுறீங்க. மலர் அக்கா சொன்ன சந்தில் நீங்க ஒரு வாரம் குடியிருப்பீங்களா? சாக்கடை நடுவுல ஓடுதுன்னு அவங்களே சொல்றாங்க. இடிச்சது நல்லதுதானே.

கிளாஸ்கோ_மலர்
இருக்க மாட்டேன் தம்பி. காலராவும் டைஃபஸும் வந்துபோன வீடுகள் அவை. நான் உருகுவது வீட்டுக்காக அல்ல. அந்த 31 படத்திலும் வாசலில் நின்று கேமராவைப் பார்க்கிறார்களே, ஒருவருக்கும் பெயர் இல்லை. சந்துக்கு எண் இருக்கிறது, ஆளுக்கு எண்கூட இல்லை. இடித்தவர்கள் அதே வேகத்தில் கட்டிக் கொடுக்கவும் இல்லை. 1878இல் சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கி திவாலானதும் வேலை அப்படியே படுத்துவிட்டது. இடித்த இடம் இடித்தபடி கிடந்தது.

ஈஸ்ட்ஹாம்_சிவம்
ஆல்ட்விச்சிலயும் அதே கதைதான். சாலை 1905இல ரெடி. நடுவில உள்ள நிலம் கன வருசம் வெறுங்காணியாய்க் கிடந்தது. ஆஸ்திரேலியா ஹவுஸுக்கு அத்திவாரக் கல் 1913இல. புஷ் ஹவுஸ் 1920-களில. வெளியேறின சனத்துக்கெண்டு லண்டன் கவுண்டி கவுன்சில், அப்பத்தைய மாநகர நிர்வாகம், கிளர்க்கன்வெல் பக்கம் போர்ன் எஸ்டேட் எண்டு ஐஞ்சு மாடி வீடுகள் கட்டினது, இப்பவும் ஆக்கள் இருக்கினம். ஆனால் ஒரு அறையில வாடகைக்குக் கிடந்த குடும்பத்துக்கு அந்த வாடகை கட்டுமோ எண்டது வேற கேள்வி. வீடு மாறி வந்த எங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

புலப்படம்
ஆள் பெயர் தேட ஒரு வழி உண்டு, அரைகுறைதான். லண்டன் அஞ்சல் டைரக்டரியில் தெருவாரியாக ஒரு பகுதி இருக்கும். வீட்டு எண், பெயர், தொழில் என்று வரிசையாகப் போய்க்கொண்டே, நடுவில் 'இங்கே இன்ன தெரு' என்று ஒரு வரி வரும். ஒரு ஆள் தெருவில் நடந்துகொண்டே எழுதினது மாதிரி. அந்த வரியை வைத்து எந்தக் கடை எந்தச் சந்து முனை என்று வரைபடத்தில் நட்டுவிடலாம். மாறன், 1885 முதல் 1900 வரை ஐந்தாண்டுக்கு ஒன்றாக எடுத்து விச் ஸ்ட்ரீட் வடபக்க எண்களில் தொப்பிக் கடை உண்டா பாருங்கள். இருந்து மறைந்த வருஷம் கிடைத்தால் படத்தின் வருஷமும் சுருங்கும். ஆனால் கடைக்காரர்தான் அதில் வருவார். மலர் கேட்கிற ஆள், மாடியில் வாடகைக்கு இருந்தவர், வர மாட்டார். அவருக்கு 1881, 1891 மக்கள்தொகைக் கணக்கேட்டைப் புரட்ட வேண்டும்.

தேம்ஸ்கரை_மாறன்
இன்று மதியம் சாப்பாட்டு இடைவேளையில் ஆல்ட்விச் போய்வந்தேன். திருப்பிய படத்தைப் போனில் வைத்துக்கொண்டு, செயின்ட் கிளெமென்ட் கோபுரம் படத்தில் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாகத் தெரியும் இடத்தைத் தேடி நடந்தேன். 1941 மே குண்டுவீச்சில் சர்ச் உள்ளே எரிந்துபோனாலும் கோபுரம் தப்பியதால் ஒப்பிட முடிகிறது. ஆனால் படத்துக்காரர் நின்ற கோட்டில் நிற்க முடியவில்லை. அந்தக் கோடு ஆஸ்திரேலியா ஹவுஸின் கல் சுவருக்குள் போகிறது. கன்னத்தைச் சுவரில் வைத்துக் கோபுரத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காவலாளி வந்து ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, 'நான் பதினொரு வருஷமாக இந்தத் தெருவில்தான் நிற்கிறேனா' என்றார்.

இன்னொன்று. ஆல்ட்விச் என்ற பெயரே பழையது. டிரூரி லேனுக்கு இடைக்காலத்தில் இருந்த பெயர் அது. விச் ஸ்ட்ரீட்டின் 'விச்' அதிலிருந்து வந்ததுதான். தெருவை இடித்துவிட்டு அதன் பெயரைப் புதுச் சாலைக்கு ஒட்டியிருக்கிறார்கள்.

நாடா ஒரு ஓரம் பிய்ந்திருக்கிறது அண்ணே. பிரித்து நேராக ஒட்டிவிடவா?

இருட்டறை
கையை எடுங்கள் முதலில்! பிரித்தால் எமல்ஷன் மூடுகண்ணாடியோடு உரிந்து வரலாம். அப்படியே அமிலமில்லாத காகித உறையில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். உறைமேல் நீங்கள் பென்சிலால் எழுதுங்கள்: விச் ஸ்ட்ரீட், தென்கிழக்கு நோக்கி, எழுத்துப் பக்கமிருந்து பார்த்தால் இடவலம் மாறியது. பழைய பென்சில் எழுத்தை அழிக்கவும் வேண்டாம்.

சும்மா_வந்தேன்
அண்ணே, அந்தச் சந்தைக்காரர்கிட்ட மீதிப் பெட்டி இன்னும் இருக்கா? அந்த சுவிட்சர்லாந்து மாட்டையும் திருப்பிப் பாத்துட்டு வாங்கலாமேன்னு.